சர்க்கரை துளியும் இல்லை... ஆனாலும் இனிக்குது எப்படி? கை கழுவ மறந்த ஃபால்பெர்க்கின் கதை

வடசென்னை சாத்தாங்காடு இரும்பு சந்தைப் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். சர்க்கரை வேண்டாம் என்று சொல்லி டீயை வாங்குவார். சட்டைப்பையில் இருந்து சின்ன டப்பாவை எடுப்பார். ஒரு அழுத்து அழுத்தினால் மிளகை விடச் சின்ன மாத்திரை ஒன்று டீக்குள் விழும். கரண்டியால் ஒரு கலக்கு, அவ்வளவுதான். டீ இனிக்கும்.

சர்க்கரையே இல்லாத டீ எப்படி இனிக்குது? மாத்திரைக்குள் வேறு பெயரில் சர்க்கரையை ஒளித்து வைத்திருக்கிறார்களா? இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில், சுமார் 150 வருஷத்துக்கு முன்னால் சாப்பிட உட்காரும்போது கை கழுவ மறந்த ஒரு மனுஷனின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். உலகின் முதல் செயற்கை இனிப்பான சாக்கரினைக் கண்டுபிடித்தவர்.

யார் இந்த ஃபால்பெர்க்?

1850 டிசம்பர் 22ல் ரஷ்யாவின் தாம்போவ் நகரில் பிறந்தவர். மாஸ்கோவில் வேதியியல் படிக்க ஆரம்பித்து, பிறகு ஜெர்மனிக்குப் போய் லைப்சிக்கில் முனைவர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் வேதியியல் என்றாலே ஜெர்மனிதான்.

இதில் ஒரு வேடிக்கை. சர்க்கரைக்கு மாற்று கண்டுபிடித்த இந்த மனுஷனின் பிழைப்பே சர்க்கரைதான். ஒரு மூட்டைச் சர்க்கரையில் எவ்வளவு சுத்தம், எவ்வளவு கலப்படம் என்று சோதித்துச் சொல்வது அவர் தொழில். அதற்காகவே அமெரிக்கா போனார். கரும்பு விளையும் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவிலும் வேலை பார்த்தார்.

1877ல் பால்டிமோர் நகரத்தில் சர்க்கரை இறக்குமதி செய்யும் பெரோ நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். அவர்கள் சரக்கை அமெரிக்க அரசு பிடித்து வைத்துவிட்டது. சரக்கின் தரத்தைச் சோதித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. ஃபால்பெர்க்கைப் பிடித்தார்கள். சோதனை செய்ய ஒரு ஆய்வகமும் வேண்டுமே? அதே ஊரில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள்.

சோதனை சீக்கிரமே முடிந்துவிட்டது. வழக்குதான் நடக்கவில்லை. காத்திருந்த நாட்களில் ஃபால்பெர்க் ரெம்சனுடன் பழகினார். அங்கேயே ஆராய்ச்சி செய்யட்டுமா என்று கேட்டார். ரெம்சனும் சரி என்றார். பின்னால் வரப்போகும் சண்டைக்கு இதுதான் பிள்ளையார் சுழி.

தாரில் இருந்து இனிப்பா?

ரெம்சனின் ஆய்வகத்தில் அப்போது நடந்து கொண்டிருந்தது நிலக்கரித் தாரைப் பற்றிய ஆராய்ச்சி. நிலக்கரியில் இருந்து வாயு எடுக்கும்போது மிஞ்சும் கருப்பு, பிசுபிசுப்பு, நாற்றம் எல்லாம் சேர்ந்த கழிவு அது. அதைப் பிரித்தால் வரும் பொருட்களில் ஒன்று டொலுயீன்.

பெயர் புதிதாக இருந்தாலும் வடசென்னைக்காரர்களுக்கு வாசனை தெரியும். பெயின்ட் பட்டறைப் பக்கம் போனால் மூக்கில் ஏறும் தின்னர் நெடி இருக்கிறதே, பல தின்னர்களில் அந்த நெடிக்கு ஒரு காரணம் டொலுயீன்தான். இன்றைக்கு அதைப் பெரும்பாலும் கச்சா எண்ணெயில் இருந்து எடுக்கிறார்கள்.

அப்படியென்றால் டீயில் தின்னர் போடுகிறோமா? அப்படி இல்லை. சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம். குளோரின் விஷ வாயு. இரண்டும் சேர்ந்தால் சோற்றில் போடும் உப்பு. ஒரு பொருள் எதில் இருந்து வந்தது என்பது வேறு, மாறிய பிறகு அது என்ன என்பது வேறு. டொலுயீனும் பல படிகளில் மாறி மாறித்தான் சாக்கரின் ஆகிறது. ஆனால், தாரில் இருந்து வந்தது என்ற அந்த ஒரு வார்த்தை சாக்கரினை நூறு வருஷம் துரத்தியது.

அந்த ஒரு ராத்திரி சாப்பாடு

1878ல் ஒரு நாள். வேலை மும்முரத்தில் ஃபால்பெர்க்குக்கு நேரம் போனதே தெரியவில்லை. ராத்திரி சாப்பாடு ஞாபகம் வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தால் தாங்க முடியாத இனிப்பு. கேக்கைக் கொண்டு வந்து வைத்துவிட்டார்களோ என்று நினைத்தார். தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, துண்டால் மீசையைத் துடைத்தார். ரொட்டியை விடத் துண்டு அதிகமாக இனித்தது! தண்ணீர் தம்ளரில் அவர் விரல் பட்ட இடத்தில் வாய் வைத்துக் குடித்தபோது தண்ணீரே பாகு மாதிரி இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. ரொட்டியும் இல்லை, துண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. இனிப்பு அவர் கையில் இருந்தது. கட்டைவிரலை நக்கிப் பார்த்தார். அதுவரை அவர் சாப்பிட்ட எந்த இனிப்பும் அதற்குக் கிட்டே வரவில்லை.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்ப ஓடினார். மேஜை மேல் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தில் இருந்ததையும் வரிசையாக நாக்கில் வைத்துப் பார்த்தார். அந்தப் பாத்திரங்களில் ஒன்றில் அமிலமோ விஷமோ இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. நல்ல வேளை, எதிலும் இல்லை. கடைசியில் அளவுக்கு மீறிக் கொதித்துப்போன ஒரு பாத்திரத்தில் அந்த இனிப்பு கிடைத்தது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சாப்பாட்டுக் கதையைச் சொன்னவர் ஃபால்பெர்க்தான். அதுவும் சம்பவம் நடந்து பல வருஷம் கழித்து, 1886ல், காப்புரிமை வாங்கி வியாபாரம் தொடங்கும் நேரத்தில் ஒரு பேட்டியில் சொன்னது. கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம். ஆனால் கண்டுபிடிப்பு உண்மை. 1879ல் ரெம்சன், ஃபால்பெர்க் இருவர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

சரி, சர்க்கரை இல்லாமல் இனிப்பது எப்படி?

ஃபால்பெர்க் சாகும் வரை அவருக்கே தெரியாத விஷயம் இது. 2001ல்தான் தெளிவாகத் தெரிந்தது.

இனிப்பு என்பது சர்க்கரைக்குள் இருக்கும் குணம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நம் நாக்கில் நடக்கும் வேலை. நாக்கின் சுவை அரும்புகளில் இனிப்பை மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பி இருக்கிறது. இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொண்டு உருவானது அது. ஒரு பக்கம் வாயைத் திறந்து வைத்திருக்கும் கிளிஞ்சல் மாதிரி இருக்கும். சர்க்கரை மூலக்கூறு உள்ளே வந்து உட்கார்ந்தால் கிளிஞ்சல் மூடும். உடனே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும்: இனிப்பு வந்திருக்கு!

வந்து உட்கார்ந்தது யார் என்று ஏற்பி அடையாள அட்டை கேட்பதில்லை. அந்தக் குழிக்குள் பொருந்தினால் போதும். சாக்கரின் மூலக்கூறுக்கும் சர்க்கரைக்கும் உருவத்தில் ஒற்றுமையே கிடையாது. ஆனாலும் அது அந்தக் குழியில் போய் உட்காருகிறது, அதுவும் சர்க்கரையை விட இறுக்கமாக. கள்ளச் சாவி போட்டாலும் பூட்டு திறக்கத்தானே செய்யும்?

இறுக்கமாக உட்காருவதால் கொஞ்சமே போதும். சாக்கரின் சர்க்கரையை விட 300 மடங்குக்கு மேல் இனிப்பு. ஒரு டீக்கு 9 கிராம் சர்க்கரை போடுகிறீர்கள் என்றால், அதே இனிப்புக்கு 30 மில்லிகிராம் சாக்கரின் போதும். மாத்திரை ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இந்த ஏற்பிதான் எல்லாம் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, பூனை. பூனை இனத்தில் இந்த இனிப்பு ஏற்பியின் ஒரு பாதிக்கான மரபணு கெட்டுப்போய்விட்டது. அதனால் பூனைக்கு ஜிலேபி வைத்தாலும் இனிப்பு தெரியாது. இன்னொன்று, நம்ம ஊர் சிறுகுறிஞ்சான். அதன் இலையை மென்றுவிட்டு உடனே சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பது மாதிரி இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்று பெயர் வைத்ததே அதனால்தான். அந்த இலையில் இருக்கும் பொருள் இனிப்பு ஏற்பியில் ஒட்டிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. சர்க்கரை அதே சர்க்கரைதான், நாக்குதான் கடையை மூடிவிட்டது.

சாக்கரின் போட்ட டீ குடித்து முடித்ததும் நாக்கில் ஒரு கசப்பு, லேசாக இரும்பு மாதிரி ஒரு ருசி நிற்கும். கள்ளச் சாவி பக்கத்துப் பூட்டையும் திறந்துவிடுவதுதான் காரணம். மனித நாக்கில் கசப்புக்கு மட்டும் சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. அதில் இரண்டை சாக்கரின் தட்டி எழுப்பிவிடுகிறது. மரபணுவைப் பொறுத்து சிலருக்கு இந்தக் கசப்பு அதிகம், சிலருக்குத் தெரிவதே இல்லை.

உடம்புக்குள் போன பிறகு? சர்க்கரையை உடைத்து எரிசக்தி எடுக்கும் உடம்புக்கு சாக்கரினை உடைக்கத் தெரியாது. வந்தது வந்தபடியே சிறுநீரில் வெளியே போய்விடும். அதனால்தான் கலோரி இல்லை. இதை முதலில் சோதித்ததும் ஃபால்பெர்க்தான், அதுவும் தன் உடம்பிலேயே. ஒரே தடவையில் 10 கிராம் சாக்கரினை முழுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. 10 கிராம் என்பது சுமார் 3 கிலோ சர்க்கரையின் இனிப்பு! யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

கண்டுபிடித்தது யார்? முற்றிய சண்டை

ரெம்சனுக்கு வியாபாரத்தில் ஆசை இல்லை. ஆய்வுக் கட்டுரை வந்ததும் அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஃபால்பெர்க்குக்கு அந்த இனிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. பால்டிமோரை விட்டுக் கிளம்பி, தயாரிப்பு முறையை மேம்படுத்தி, 1880களின் மத்தியில் காப்புரிமைகள் வாங்கினார். அதில் ரெம்சனின் பெயர் இல்லை. சர்க்கரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து சாக்கரின் என்று பெயரும் வைத்தார். லிஸ்ட் குடும்பத்து உறவினரின் பணத்தோடு 1886ல் ஜெர்மனியின் மாக்டபர்க் பக்கத்தில் தொழிற்சாலை தொடங்கினார். ஃபால்பெர்க்-லிஸ்ட் என்பது நிறுவனத்தின் பெயர்.

ரெம்சன் கொதித்துப்போனார். அவர் கேட்டது பணத்தை அல்ல, பெயரை. தன் ஆய்வகத்தில், தன் ஆராய்ச்சித் திட்டத்தில் நடந்த கண்டுபிடிப்பைத் தனி ஆளாகச் செய்தது போல ஃபால்பெர்க் ஊரெல்லாம் சொல்வதைக் கடைசி வரை அவர் மன்னிக்கவில்லை. கடுமையான வார்த்தைகளில் திட்டியிருக்கிறார்.

யார் பக்கம் நியாயம்? கூர்ந்து பார்த்தால் இரண்டு பேருமே இல்லாமல் சாக்கரின் இல்லை. ஆராய்ச்சியின் பாதையைப் போட்டவர் ரெம்சன். அந்தப் பாத்திரத்தில் இருந்ததைத் தொழிற்சாலைச் சரக்காக மாற்றியவர் ஃபால்பெர்க். ஆனால் காப்புரிமையில் ஆசிரியரின் பெயரை விட்டது சரி என்று சொல்ல முடியாது.

முதல் வாடிக்கையாளர்கள் சர்க்கரை நோயாளிகள்

சாக்கரின் வந்தபோது இன்சுலின் கண்டுபிடிக்கப்படவில்லை. அதற்கு 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1880களில் சர்க்கரை நோய் வந்தவருக்கு மருத்துவர் கொடுக்க முடிந்தது பத்தியம் மட்டும்தான். வாழ்நாள் முழுக்க வாயைக் கட்ட வேண்டிய அவர்களுக்கு, ஒரு கப் காபியாவது இனிப்பாகக் குடிக்கலாம் என்று வந்ததுதான் இந்த வெள்ளைத் தூள்.

நம்ம வடசென்னைக்கு இந்த நோயோடு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1948ல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம்.விஸ்வநாதன். 1954ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனையும் தொடங்கினார். இந்தியாவில் நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களும் மீனவர்களும் நிறைந்த பகுதியில் அப்படி ஒரு மருத்துவமனை அந்தக் காலத்திலேயே வந்திருக்கிறது. சுகர் பணக்காரர்களின் வியாதி என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

சர்க்கரை முதலாளிகள் சும்மா இருப்பார்களா?

இல்லை. ஐரோப்பாவில் சர்க்கரை பீட்ரூட் கிழங்கில் இருந்து வந்தது. அதை நம்பி விவசாயிகள், ஆலைகள், அரசுக்கு வரி என்று பெரிய சாம்ராஜ்யமே இருந்தது. சாக்கரின் விலை குறைந்துகொண்டே வந்ததும் அவர்கள் அலறினார்கள். 1902ல் ஜெர்மனி சட்டம் போட்டது: சாக்கரின் இனி மருந்துக்கடையில் மட்டும், தேவைப்படும் நோயாளிகளுக்கு மட்டும். அங்கே தயாரிக்கவும் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் அனுமதி. அது ஃபால்பெர்க்கின் நிறுவனம்! ஆனால் சந்தையே சுருங்கிப்போன பிறகு தனி உரிமையை வைத்து என்ன செய்வது?

சுவிட்சர்லாந்தில் தடை இல்லை. விளைவு, அங்கிருந்து எல்லை தாண்டி சாக்கரின் கடத்தல். தங்கம் கடத்துவது மாதிரி இனிப்பைக் கடத்தினார்கள்.

உடல்நிலை சரியில்லாமல் 1906ல் ஃபால்பெர்க் நிறுவனப் பொறுப்பில் இருந்து விலகினார். 1910 ஆகஸ்ட் 15ல் ஜெர்மனியின் நாசாவ் நகரில் இறந்தார். வயது 59.

அதே நேரத்தில் அமெரிக்காவில் சண்டை வெள்ளை மாளிகை வரை போயிருந்தது. உணவுக் கலப்படத்துக்கு எதிராகப் போராடிய அரசு வேதியியலாளர் ஹார்வி வைலி, தாரில் இருந்து வந்த சாக்கரினைத் தடை செய்ய வேண்டும் என்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னால் வாதாடினார். ரூஸ்வெல்ட்டுக்கோ அவருடைய மருத்துவரே தினமும் சாக்கரின் கொடுத்துக் கொண்டிருந்தார். அதிபருக்கு வந்ததே கோபம். இது கெடுதல் என்று சொல்பவன் முட்டாள் என்ற அளவுக்குப் பேசிவிட்டார். ஆனாலும் ஆராய ஒரு நிபுணர் குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே ஐரா ரெம்சன்.

குறைந்த அளவில் கெடுதல் இல்லை, ஒரு நாளைக்கு 0.3 கிராமுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் ஜீரணக் கோளாறு வரலாம் என்றது அந்தக் குழு. 1912 முதல் தயாரிக்கப்பட்ட உணவுகளில் சாக்கரினுக்குத் தடை வந்தது. தீர்ப்பைப் பார்க்க ஃபால்பெர்க் உயிரோடு இல்லை. ரொம்ப நாள் அது நிற்கவும் இல்லை. முதல் உலகப் போரில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்ததும் எல்லோரும் சாக்கரினைத் தேடி வந்தார்கள்.

புற்றுநோய் வரும் என்பது உண்மையா?

பலருக்கும் இன்றும் இருக்கும் பயம் இது. 1977ல் கனடாவில் எலிகளுக்கு சாக்கரினை அள்ளிக் கொடுத்துச் செய்த ஆய்வில் ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. அமெரிக்காவில் தடை செய்யப் பார்த்தார்கள். மக்களின் எதிர்ப்பால் தடை நிற்கவில்லை, பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் மட்டும் வந்தது. பிறகு நடந்த ஆய்வுகளில், எலியின் சிறுநீருக்கு உள்ள தனித்தன்மையால் அதில் படிகங்கள் உருவாகி அவை சிறுநீர்ப்பையை அரிப்பதே காரணம் என்று தெரிந்தது. மனிதர்களுக்கு அப்படி நடப்பதில்லை. 2000ல் சாக்கரின் புற்றுநோய்ப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது, எச்சரிக்கை வாசகமும் போனது.

அதற்காக அள்ளிப் போடலாமா? அளவு உண்டு. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு வைத்த வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 300 மில்லிகிராம்.

உடல் எடையைக் குறைக்க இந்த இனிப்பான்களை நம்ப வேண்டாம் என்று 2023ல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. செய்தியில் பலர் விட்டுவிட்ட வரி அது.

இன்னொரு ஏமாற்றம் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் இருக்கிறது. சர்க்கரை இல்லைதான், மைதா இருக்கிறதே? அது வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாகத்தான் மாறும். சுகர் ஃப்ரீ மைசூர்பாக்கும் அப்படித்தான். சாக்கரினை வைத்து இனிப்பைக் கொண்டு வரலாம், கம்பிப் பதத்தில் பாகு காய்ச்ச முடியாது. சர்க்கரை கொடுக்கும் கனத்துக்குப் பதிலாக வேறு எதையாவது சேர்த்தே ஆக வேண்டும். அதிலும் கலோரி இருக்கலாம்.

ஃபால்பெர்க்குக்குப் பின் வந்த விரல் நக்கிகள்

ஆச்சரியம் என்னவென்றால், அடுத்தடுத்து வந்த இனிப்பான்களும் இதே மாதிரி தவறுதலாகத்தான் கிடைத்தன. 1937ல் சைக்லமேட், ஆய்வக மேஜையில் வைத்த சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தபோது. 1965ல் அஸ்பார்டேம், காகிதத்தை எடுக்க விரலை நக்கியபோது. 1976ல் லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இந்தியர் சசிகாந்த் பட்னிஸிடம் ஒரு பொருளை டெஸ்ட் செய்யச் சொன்னார்கள். அவர் காதில் டேஸ்ட் என்று விழுந்தது. எடுத்து நாக்கில் வைத்துவிட்டார். அதுதான் சுக்ரலோஸ், சர்க்கரையை விட சுமார் 600 மடங்கு இனிப்பு.

இன்றைக்குக் கடையில் சுகர் ஃப்ரீ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் புது ஆட்கள்தான். எது என்று தெரிந்துகொள்ள பாக்கெட்டின் பின்பக்கம் ஐஎன்எஸ் எண்ணைப் பாருங்கள். 951 என்றால் அஸ்பார்டேம். அதைச் சமையலில் ரொம்ப நேரம் கொதிக்க விட்டால் இனிப்பு போய்விடும். 955 என்றால் சுக்ரலோஸ். 954 என்று இருந்தால், அது ஃபால்பெர்க்கின் கட்டைவிரலில் ஒட்டியிருந்த அதே சாக்கரின்.